ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு வரிகள்

பட்ஜெட் தினத்தன்று நம்முடைய வீடுகளில் நடக்கும் வேடிக்கையை நேயர்கள் அறிவார்கள். நிதி மந்திரி பேசுவதற்கு எழுந்தாரோ இல்லையோ, வீட்டு எஜமானர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து விடுகிறார். வருமான வரியில் தமக்கு எத்தனை ரூபாய் மிஞ்சும் என்பது அவருடைய கவலை. சமையலறையிலிருந்தபடியே எஜமானியம்மாள் தங்கத்தைப் பற்றி விசாரிக்கிறார். மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டுமென்று ஆறு மாதமாகத் தவங் கிடக்கும் பிள்ளையாண்டானுக்கு வேறு கவலை. பேச்சு முடிந்த அரை மணி நேரத்துக்குள், 'இது ஏறிற்று, இது இறங்கிற்று' என்று ஒரு ஜாபிதா வந்து சேர்கிறது. அதைப் பார்த்து ஒருவர் பெருமூச்சு விடுகிறார். ஒருவர் புன்னகை புரிகிறார். இரவுச் சாப்பாட்டுக்குள் பட்ஜெட் ஜீரணமாகி விடுகிறது.

ஆனால் அவ்வளவு சுலபத்தில் பட்ஜெட் ஜீரணமாகாத ஆசாமிகள் இரண்டு பேர் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். ஒருவர், தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. மற்றொருவர், மொத்த வியாபாரியின் மண்டியிலிருந்து அண்ணாச்சியின் கடைக்குப் பருப்பும் எண்ணெயும் ஏற்றி வரும் 'குட்டியானை' வண்டியின் சொந்தக்காரர்.

"என்ன அண்ணாச்சி, பட்ஜெட் எப்படி?" என்று கேட்டோமானால், அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்லுவார்:

"உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு பட்ஜெட், சார். எனக்கு மூணு மாசத்துக்கு ஒண்ணு."

மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக் கொள்ளும் வண்டிக்காரர் சிரிப்பார்.

"அண்ணாச்சிக்காவது மூணு மாசம். எனக்குப் பங்க்குக்குள்ளே வண்டியை விடுற போதெல்லாம் பட்ஜெட்தான்!"

இருவர் சொல்வதும் உண்மை. அது மட்டுமன்று, இந்த இரண்டு பேருடைய சங்கடத்துக்கும் ஜனன பூமி ஒன்றே, ஜனன வருஷமும் ஒன்றே. ஊர், சென்னை. வருஷம், 1939. இரட்டைக் குழந்தைகள் போல் ஒரே வீட்டில் பிறந்த அந்த இரண்டு வரிகளில் ஒன்று வளர்ந்து வேறு உருவம் பெற்றுவிட்டது. மற்றொன்று பிறந்த வீட்டிலேயே இன்னமும் இருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்து கொண்டால், அடுத்த பட்ஜெட் தினத்தன்று எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டியதில்லை என்பது நமக்கு நன்றாக விளங்கிவிடும்.

கள்ளுக் கடையும் கஜானாவும்

1937-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். மாகாண முதன் மந்திரியை அந்நாளில் அப்படித்தான் அழைத்தார்கள். நிதி இலாகாவும் அவர் கையிலேயே இருந்தது. அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்கும் அது பரவிற்று.

மதுவிலக்கினால் ஏழைக் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. ஆனால் கஜானாவில் பள்ளம் விழுந்தது. கள், சாராயக் குத்தகைப் பணம் மாகாண சர்க்காரின் முக்கியமான வருமானங்களில் ஒன்று. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குச் சம்பளமும், ஆஸ்பத்திரிக்கு மருந்தும் அதிலிருந்துதான் வந்து கொண்டிருந்தன. பள்ளத்தை நிரப்ப வேறு வழி வேண்டும். சுங்க வரியோ, வருமான வரியோ விதிக்கலாமென்றால், அவை இந்திய சர்க்காருக்கு உரியவை. நில வரியை உயர்த்தலாமென்றால், குடியானவன் ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தான்.

1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது, மாகாணங்களின் அதிகார ஜாபிதாவில் 48-வது இனமாகச் சில வார்த்தைகள் கிடைத்தன. சரக்குகளின் விற்பனை மீதும் விளம்பரங்கள் மீதும் மாகாணங்கள் வரி விதிக்கலாம் என்பது அவற்றின் கருத்து. அந்தச் சில வார்த்தைகளிலிருந்துதான் நம் அண்ணாச்சியின் கணக்குப் புத்தகம் பிறந்தது.

பெட்ரோலுக்கு ஒரு வழக்கு

ஆனால் அந்த வார்த்தைகளின் பொருள் என்னவென்று முதலில் முடிவாக வேண்டியிருந்தது. அதை முடிவு செய்து வைத்தது பெட்ரோல்.

முதல் மகா யுத்தத்தின் நடுவில், 1917-ல், பெட்ரோலுக்கு இந்திய சர்க்கார் வரி விதித்தார்கள். யுத்தம் முடிந்தது, வரி முடியவில்லை. பிறகு ஸ்ரீ எம். ஆர். ஜெயகரைத் தலைவராகக் கொண்ட ரஸ்தா அபிவிருத்திக் கமிட்டி ஒரு யோசனை சொல்லிற்று. அதன்படி 1929-ல் காலன் ஒன்றுக்கு மேற்கொண்டு 2 அணா வரி விதித்து, அந்தப் பணத்தை ரஸ்தாக்களுக்கென்றே ஒரு நிதியாக ஒதுக்கி வைத்தார்கள். 'ரஸ்தாவைத் தேய்ப்பவனே ரஸ்தாவுக்குப் பணம் கொடுக்கட்டும்' என்ற நியாயம் அது. இன்றைக்கும் பெட்ரோல் விலையில் சேர்ந்து வரும் ரஸ்தாத் தீர்வைக்கு மூதாதை அந்த 2 அணாதான்.

இந்த நிலைமையில், 1938-ல் மத்திய மாகாண சர்க்கார் தங்கள் எல்லைக்குள் சில்லறையில் விற்கும் பெட்ரோலுக்கும் வண்டி எண்ணெய்க்கும் நூற்றுக்கு 5 வீதம் விற்பனை வரி போட்டார்கள். இந்திய சர்க்கார் ஆட்சேபித்தார்கள். 'இது விற்பனை வரி என்று வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கும் கலால் வரி. கலால் எங்களுடையது' என்பது அவர்களுடைய வாதம். புதிதாக ஏற்பட்டிருந்த பெடரல் கோர்ட்டின் முன் வந்த ஆரம்ப விவகாரங்களில் இது ஒன்று. பிரதம நீதிபதி ஸர் மாரிஸ் குவையரும், நீதிபதிகள் ஸுலைமானும் ஜெயகரும் விசாரித்தார்கள். ஆம், ரஸ்தாக் கமிட்டியின் தலைவராக இருந்த அதே ஜெயகர்தான்!

மாகாணம் ஜயித்தது. சரக்கு உற்பத்தியாகும்போது விழும் வரி வேறு, அது கை மாறும்போது விழும் வரி வேறு. முன்னது டில்லிக்கு, பின்னது மாகாணத்துக்கு என்று ஏற்பட்டது. ஒரே காலன் பெட்ரோலுக்கு இரண்டு எஜமானர்கள் வாய்த்த கதை இதுதான்.

அடுத்த வருஷமே சென்னைச் சட்டசபையில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, மோட்டார் ஸ்பிரிட் விற்பனை வரிச் சட்டம். மற்றொன்று, பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குகளுக்கும் பொதுவாக விற்பனை வரி விதித்த முதல் மாகாணம் சென்னைதான்.

ஐந்து ரூபாயின் கணக்கு

அந்தப் பொது விற்பனை வரி பார்வைக்கு மிகவும் சாதுவானது. வருஷத்தில் 10,000 ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்கிறவர்களுக்கு வரியே கிடையாது. அதற்கு மேல் 20,000 ரூபாய் வரையில் விற்கிறவர்களுக்கு மாதம் 5 ரூபாய். 20,000-க்கு மேல் போனால் மொத்த விற்பனையில் நூற்றுக்கு அரை ரூபாய். அரை ரூபாய் ஒரு பிரமாதமா என்று கேட்கத் தோன்றும்.

சிறிய கடைக்காரர் பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்தால் விஷயம் வேறுவிதமாகத் தெரியும். மாதம் 5 என்றால் வருஷத்துக்கு 60 ரூபாய். 10,000 ரூபாய்க்கு விற்றவருக்கு அது நூற்றுக்கு 60 காசு வீதம் ஆகிறது. லட்சக் கணக்கில் விற்கும் மொத்த வியாபாரிக்கோ நூற்றுக்கு 50 காசுதான்! 9,990 ரூபாய்க்கு விற்றவருக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஒரு மூட்டை விற்றால் 60 ரூபாய். 20,000 வரையில் 60 ரூபாய் கொடுத்தவர், அந்தக் கோட்டைத் தாண்டியதும் 100 ரூபாய் கொடுக்க வேண்டும். வரி வீதத்தைக் காட்டிலும் வரிக் கோடு எங்கே போடப்படுகிறது என்பதே சிறு வியாபாரிக்கு முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

இரண்டாவது சங்கதி ஒன்று உண்டு. சரக்கு ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் இந்த வரி விழுந்தது. ஆலைக்காரர் மொத்த வியாபாரிக்கு விற்றால் ஓர் அரை ரூபாய். அவர் சில்லறை மண்டிக்கு விற்றால் ஓர் அரை ரூபாய். மண்டிக்காரர் கடைக்கு விற்றால் ஓர் அரை ரூபாய். கடைக்காரர் நமக்கு விற்கும்போது இன்னோர் அரை ரூபாய். நான்கு கை மாறிய 100 ரூபாய்ச் சரக்கில் சுமார் 2 ரூபாய் வரி நுழைந்துவிடும். ரசீதில் அது எங்கும் தெரியாது. முன்னால் கொடுத்த வரியைப் பின்னால் வருகிறவர் கழித்துக் கொள்ள வழியில்லை.

நிலக்கடலையிலிருந்து எண்ணெயும் பிண்ணாக்கும் எடுத்து விற்ற வியாபாரிகள் இந்த வரியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். உற்பத்தியாளரின் முதல் விற்பனைக்கு வரி போட்டால் அது கலால்தானே என்று வாதித்தார்கள். சென்னை ஹைகோர்ட்டில் அவர்களுக்கு ஜயம் கிட்டிற்று. 1942-ல் பெடரல் கோர்ட்டு அதை மாற்றி, வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1945-ல் லண்டனில் பிரிவி கௌன்ஸிலும் மாகாணத்தின் பக்கமே சொல்லிற்று.

இதற்குள் வரியைக் கொண்டு வந்த மந்திரி சபை போய்விட்டது. யுத்தம் காரணமாக 1939 அக்டோபர் கடைசியில் அது ராஜினாமாச் செய்தது. மந்திரி சபை போன பின்னும் வரி நிலைத்தது. சுதந்திரம் வந்தது, மாகாணம் பிரிந்தது, 1959-ல் புதிய சட்டம் வந்தது; விற்பனை வரி மட்டும் மாநில சர்க்காரின் முதுகெலும்பாகவே நின்று வந்தது.

கழித்துக்கொள்ளும் உரிமை

கழித்துக்கொள்ள வழியில்லாமல் வரி மேல் வரி ஏறும் இந்தத் தோஷத்துக்குத் தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-ந் தேதி ஒரு பரிகாரம் வந்தது. 'வாட்' என்னும் மதிப்புக் கூட்டு வரி அது. 2017 ஜூலை 1-ந் தேதி தேசம் முழுவதற்கும் சரக்கு சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., அமுலுக்கு வந்தது. இரண்டுக்கும் உயிர்நிலை ஒன்றே: நீ வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள், மிச்சத்தை மட்டும் சர்க்காருக்குக் கட்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். நூற்றுக்கு 18 வரியுள்ள ஒரு சரக்கை ஆலைக்காரர் 100 ரூபாய்க்கு விற்கிறார். வரி 18 ரூபாய். மொத்த வியாபாரி அதை 120-க்கு விற்று 21 ரூபாய் 60 காசு வரி வசூலிக்கிறார். தாம் கொடுத்த 18-ஐக் கழித்துக்கொண்டு 3 ரூபாய் 60 காசு கட்டுகிறார். கடைக்காரர் 150-க்கு விற்று 27 ரூபாய் வசூலிக்கிறார். 21 ரூபாய் 60 காசைக் கழித்துவிட்டு 5 ரூபாய் 40 காசு கட்டுகிறார். எல்லாவற்றையும் கூட்டினால் 27 ரூபாய். எத்தனை கை மாறினாலும் வரி ஒரு தடவைதான். 1939-ன் குழந்தை வளர்ந்து படித்துப் பட்டம் பெற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் படித்த பிள்ளைக்குச் செலவு அதிகம். கழித்துக்கொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு ரசீதும் பதிவாக வேண்டும். அண்ணாச்சியின் தகப்பனார் மஞ்சள் தடவிய நாள்வழியிலும் பேரேட்டிலும் எழுதிக் கணக்கை முடித்தார். அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். ஆடிட்டருக்குச் சம்பாவனை வேண்டும். அதோடு போயிற்றா? அவருக்குச் சரக்கு விற்ற மொத்த வியாபாரி தம்முடைய விற்பனையைச் சர்க்காருக்குத் தெரிவிக்காவிட்டால், அண்ணாச்சி முழு வரியையும் அவரிடம் கொடுத்திருந்தும் கழித்துக்கொள்ள முடியாது. பக்கத்து இலைக்காரர் சாப்பிடாததற்கு இவர் பட்டினி!

இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்குச் சர்க்கார் இரண்டு சலுகைகள் கொடுத்திருக்கிறார்கள். 2017-ல் வருஷ விற்பனை 20 லட்சம் ரூபாய் வரையில் பதிவு வேண்டாமென்றிருந்தது. சரக்கு விற்பவர்களுக்கு 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாடு உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் அது 40 லட்சமாயிற்று. அதற்கு மேல் ஒன்றரைக் கோடி வரையில் 'காம்போசிஷன்' என்று வியாபாரிகள் சொல்லும் திட்டத்தில் சேரலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வரிக்குட்பட்ட விற்பனையில் நூற்றுக்கு 1 ரூபாய் கட்டினால் போதும். 'எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு பட்ஜெட்' என்று அண்ணாச்சி சொன்னாரே, அது இதுதான்.

நூற்றுக்கு ஒன்றுதானே என்று இங்கேயும் கேட்கத் தோன்றும். அந்த ஒன்றை வாடிக்கைக்காரரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக் கொள்ளவும் கூடாது. வரிக்குட்பட்ட சரக்கை வருஷத்துக்கு 60 லட்சம் ரூபாய்க்கு விற்கும் கடையில் நூற்றுக்கு 8 ரூபாய் லாபம் நிற்பதாக வைத்துக் கொள்வோம். லாபம் 4 லட்சத்து 80 ஆயிரம். வரி 60 ஆயிரம். விற்பனையில் நூற்றில் ஒன்று என்று சொன்னது, லாபத்தில் எட்டில் ஒன்றாக வந்து நிற்கிறது. கடை வாடகையும், பையனுடைய சம்பளமும், மின்சாரக் கட்டணமும் மிச்சமுள்ள ஏழு பங்கில்தான்.

கோட்டின் சங்கதியும் மறக்கத்தக்கதன்று. விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிப்பாகும். அதாவது, 20 லட்சத்துக்கு விற்கும் கடை, ஒரு மூட்டை கூட அதிகம் விற்காமலே 12 வருஷத்தில் 40 லட்சத்துக் கடையாகிவிடும். கோடு அசையாமல் நின்றால் கடை தானாகவே கோட்டுக்கு வந்து சேரும். எந்த மந்திரியும் எழுந்து நின்று அறிவிக்காத வரி உயர்வு இது.

நவராத்திரியின் முதல் நாள்

வரி உயர்ந்தால் சங்கடம் என்பது எல்லோருக்கும் தெரியும். வரி இறங்கினாலும் சிறு வியாபாரிக்குச் சங்கடம் வரக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

2025 செப்டம்பர் 22-ந் தேதி, நவராத்திரியின் முதல் நாள், ஜி.எஸ்.டி. வீதங்கள் பெரிய அளவில் குறைந்தன. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் இவற்றுக்கு 18-லிருந்து 5. நெய்க்கும் வெண்ணெய்க்கும் 12-லிருந்து 5. சிறு கார்களுக்கும், 350 ஸி.ஸி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கும், சரக்கு வண்டிகளுக்கும் 28-லிருந்து 18. இல்லத்தரசிகள் மகிழ்ந்தார்கள், பிள்ளையாண்டான்களின் தவமும் பலித்தது. இது பட்ஜெட்டில் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மத்திய சர்க்காரும் மாநிலங்களும் சேர்ந்த ஜி.எஸ்.டி. கௌன்ஸில் அந்த மாதம் 3-ந் தேதி கூடி முடிவு செய்தது.

அன்று அண்ணாச்சியின் அலமாரியில் பழைய சரக்கு இருந்தது. 1 லட்சம் ரூபாய் பெறும் சோப்புக்கும் எண்ணெய்க்கும் 18 ஆயிரம் ரூபாய் வரி கொடுத்து வாங்கி வைத்திருந்தார் என்று வைத்துக் கொள்வோம். புதிய விலையில் 5 ஆயிரந்தான் வரி. முழுக் கணக்கு வைத்திருக்கும் பெரிய கடைக்காரருக்கு நஷ்டமில்லை. கொடுத்த 18 ஆயிரத்தையும் அவர் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருக்கும் கடைக்காரருக்கு அந்த வழி அடைபட்டது. சரக்கைச் செய்த கம்பெனி ஈடு கொடுத்தால் ஒழிய, 13 ஆயிரம் ரூபாய் அவர் கைப்பொறுப்பு. விலை இறங்கவில்லையே என்று அவரிடம் வாடிக்கைக்காரர்கள் சண்டை பிடித்தபோது, இந்தக் கணக்கை அவர் எப்படி விளக்குவார்?

பங்க்கில் நிற்கும் 1939

இப்போது வண்டிக்காரரிடம் வருவோம். ஜி.எஸ்.டி. வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை வாயு, விமான எண்ணெய் ஆகிய ஐந்தையும் வெளியே நிறுத்தி வைத்தார்கள். கௌன்ஸில் எப்போது சொல்கிறதோ அப்போது உள்ளே வரலாம் என்று ஏற்பாடு. அதுவரையில் பெடரல் கோர்ட்டு 1938-ல் பிரித்துக் கொடுத்தபடியே, கலால் டில்லிக்கு, விற்பனை வரி மாநிலத்துக்கு.

இதனால் நேரும் விளைவுக்கு 2020-ஐக் காட்டிலும் நல்ல உதாரணம் இல்லை. கொள்ளை நோய்க்காகத் தேசம் பூட்டப்பட்டிருந்தது. உலகச் சந்தையில் எண்ணெயை வாங்க ஆளில்லை. ஏப்ரல் 20-ந் தேதி அமெரிக்கச் சந்தையில் ஒரு ரக எண்ணெயின் பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று! பங்க்கில் விலை பாதியாகும் என்று வண்டிக்காரர் எண்ணியிருந்தால் அது அவர் தவறன்று. மே மாதம் 4-ந் தேதி தமிழ்நாடு சர்க்கார் வரி முறையை மாற்றினார்கள். பெட்ரோலுக்கு நூற்றுக்கு 34 என்றிருந்தது, நூற்றுக்கு 15-ம் அதனுடன் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் என்றாயிற்று. டீசலுக்கு நூற்றுக்கு 25 என்றிருந்தது, நூற்றுக்கு 11-ம் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்றாயிற்று. நூற்று வீதம் மட்டும் இருந்தால் எண்ணெய் விலை விழும்போது வரியும் விழும். ரூபாய்க் கணக்கில் வைத்துவிட்டால் விழாது. இரண்டு நாள் கழித்து மத்திய சர்க்கார் கலாலைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தினார்கள். டீசலுக்கு 18 ரூபாய் 83 காசாக இருந்த கலால் 31 ரூபாய் 83 காசாயிற்று.

அந்த 13 ரூபாய்க்காகப் பங்க்கில் விலை ஏறவில்லை. எண்ணெய் விலை விழுந்த பள்ளத்தை வரி நிரப்பிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இறங்க வேண்டியது இறங்கவில்லை. நாளைக்கு 5 லிட்டர் டீசல் போடும் குட்டியானைக்காரருக்கு 65 ரூபாய். மாதத்தில் 25 நாள் ஓட்டினால் 1,625 ரூபாய். கைக்கு வந்திருக்க வேண்டிய அந்தப் பணம் வராமலே போயிற்று. வராத பணத்துக்கு ரசீது கிடையாது. ஆகையால் அதைப் பற்றிப் புகார் சொல்லவும் தெரியாது.

சர்க்காரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். கடைகள் பூட்டியிருந்த காலத்தில் மற்ற வரிகளின் வருமானம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவோ மலைபோல் குவிந்தது. பின்னால் குறைக்கவும் குறைத்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. அதனால் வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய சர்க்கார் குறைத்ததில் பெட்ரோலின் கலால் 19 ரூபாய் 90 காசாகவும், டீசலின் கலால் 15 ரூபாய் 80 காசாகவும் இறங்கின. இந்தக் கலால் மாற்றங்களில் ஒன்று கூடப் பட்ஜெட் தினத்தில் நடக்கவில்லை. ராத்திரி உத்தரவு பிறக்கும். காலையில் பலகையில் விலை மாறியிருக்கும்.

இரண்டு எஜமானர்களுக்குள்ளும் மனஸ்தாபம் உண்டு. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு பெட்ரோல் லிட்டருக்கு மத்திய சர்க்கார் வாங்கிய 32 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பங்கிட்டுக் கொள்ளும் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதியெல்லாம் ரஸ்தாத் தீர்வை, விவசாயத் தீர்வை முதலிய பெயர்களில் டில்லியிலேயே தங்கிற்று. ஆகவே, 'எங்கள் பங்கை நாங்களே போட்டுக் கொள்கிறோம்' என்கின்றன மாநிலங்கள். குடிக்கும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியேதான் இருக்கிறது. மது வருமானத்தை விடுவதற்காக 1939-ல் விற்பனை வரி பிறந்தது. இன்றோ மாநிலங்கள் தங்கள் இஷ்டப்படி ஏற்றவும் இறக்கவும் கூடிய பெரிய வரிகளில் மது வரியும் பெட்ரோல் வரியும் முக்கியமானவை. சரித்திரத்துக்கும் நகைச்சுவை உண்டு!

டீசல் வெளியே நிற்பதன் பலன் வண்டிக்காரரோடு முடிந்து விடுவதில்லை. அவர் எவ்வளவு பெரிய லாரிக் கம்பெனியாக இருந்தாலும், டீசலுக்குக் கொடுத்த வரியை எந்த வரியிலிருந்தும் கழித்துக்கொள்ள முடியாது. அது வாடகையில் ஏறுகிறது. வாடகை அண்ணாச்சியின் பருப்பில் ஏறுகிறது. பருப்பு நம் வீட்டுக்கு வருகிறது. 1939-ல் சரக்கு கை மாறும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிய அந்த அரை ரூபாயைப் போலவே, டீசல் வரியும் ரசீதில் தெரியாமல் நம் சமையலறை வரையில் வந்து சேர்கிறது.

மூன்று கேள்விகள்

ஆகையினால், வரிச் செய்தி எதைக் கேட்டாலும், அது பட்ஜெட்டில் வந்தாலும் கௌன்ஸிலில் வந்தாலும் ராத்திரி உத்தரவில் வந்தாலும், வீதம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம்.

முதலாவது: கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியுமா? முடியுமானால் வரி ஒரு தடவையோடு போகும். முடியாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்.

இரண்டாவது: விலக்கு வரம்பு விலைவாசியோடு சேர்ந்து உயருகிறதா? நின்ற இடத்திலேயே நின்றால், வருஷா வருஷம் சில சிறு கடைகள் அதற்குள் அகப்பட்டுக் கொள்ளும்.

மூன்றாவது: வரி நூற்று வீதமா, ரூபாய்க் கணக்கா? நூற்று வீதமானால் சரக்கு விலை ஏறும்போது சர்க்காருக்கு லாபம். ரூபாய்க் கணக்கானால் விலை இறங்கும்போது வாங்குகிறவருக்குச் சுகம் குறைவு.

இந்தக் கேள்விகளுக்கு அண்ணாச்சி எந்தக் காலேஜிலும் படிக்காமலே பதில் சொல்லிவிடுவார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவர் போடும் கணக்கில் இவை மூன்றும் அடக்கம். அடுத்த தடவை துவரம் பருப்பு கிலோவுக்கு 2 ரூபாய் ஏறிவிட்டதென்று அவரோடு வாதாடுவதற்கு முன்னால், அந்த 2 ரூபாயில் அவருக்கு எவ்வளவு, வண்டிக்காரருக்கு எவ்வளவு, பங்க்கில் போனது எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப சந்தோஷத்துடன் உங்களுக்கு விவரம் சொல்லுவார். இத்தனை வருஷத்தில் அவரிடம் அதைக் கேட்டவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள்.